உபதேசியாரின் கட்டிலருகே



எஹலியகொடைப் பக்கத்து றப்பர் தோட்டங்களில், குருவானவர் வராத ஞாயிறுகளில் செபம் நடத்தியவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொன்னவர், எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் எழுதியவர் உபதேசியார். இன்று அவர் லயக் காம்பராவில் படுத்த படுக்கை. 55 வயதில் எடுத்த சேமலாப நிதி மகளின் கல்யாணத்தோடு கரைந்துபோயிற்று. புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். பிள்ளைகளோ விடியலில் பால்வெட்டப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை.

ஆளுக்குச் சம்பளம் சேர்ப்போமென்றால், “கோவில் திருநாள் வருகிறதே” என்கிறோம். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை என்று ஒதுக்கியவர்களை ஆண்டவர் கண்டித்ததை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள்.

கையேந்த வெட்கமா? 1839-இல் பிரான்சில் ழான் ஜூகான் என்ற ஏழைப்பெண் கண்தெரியாத கிழவியொருத்தியைத் தம் கட்டிலில் கிடத்தி, தாம் பரணில் படுத்தார். பிறகு கூடையோடு வீடுவீடாக ஏறியிறங்கினார். அவருடைய சபைச் சகோதரிகள் 1888-இல் கொழும்புக்கு வந்தார்கள். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

கொழும்பில் கட்டில் கிடைக்கலாம். உபதேசியாரின் சனம் இங்கேதானே இருக்கிறது?

பூசை முடிந்ததும் வாசலில் பெட்டி இருக்கும். காசில்லாதவர்கள் ஓர் இராத்திரி காவலிருக்கப் பெயர் கொடுங்கள்.