பெயர்ந்தோம், பெயர்த்தார்கள்

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பிள்ளை ஒருத்தி தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை, ‘வீ டிஸ்பிளேஸ்ட் இன் 2006’ என்று தொடங்கியிருந்தது. நடுவில் ‘வேர்’ என்ற துணைவினையைச் சிவப்புப் பேனையால் சேர்த்துக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். “ஏன் ரீச்சர்?” என்றாள்.

வீட்டில் எல்லோரும் சொல்வது ‘இடம்பெயர்ந்தோம்’ என்றுதான். நடந்தோம், வந்தோம் என்பதைப் போல அது தன்வினை. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஆனால் ‘டிஸ்பிளேஸ்’ செயப்படுபொருள் கேட்கும் வினை. ‘வீ டிஸ்பிளேஸ்ட்’ என்று நிறுத்தினால், “யாரை?” என்ற கேள்வி எழும். துரத்தப்பட்ட சனம் துரத்தியவர்களாக நிற்கும்.

தமிழில் பல வினைகளில் இந்த வேறுபாட்டை ஓர் எழுத்துக் காட்டிவிடும். பெயர்ந்தோம், பெயர்த்தார்கள். உடைந்தது, உடைத்தான். ‘ந்’ இருந்த இடத்தில் ‘த்’ வந்தால் வேறொரு கை உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ‘பிரேக்’, ‘ஓப்பன்’ போன்றவை உருமாறாமலே இரண்டு பக்கமும் போகும். அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் எல்லா வினையையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஐ போர்ன்’ என்று ‘வாஸ்’ இல்லாமல் எழுதுவார்கள். தேவையில்லாத இடத்தில் ‘ஹீ வாஸ் டைட்’ என்பார்கள். நோயில் இறந்தவருக்கு ‘டைட்’ மட்டும் போதும். ஷெல் பட்டு இறந்தவருக்கு ‘வாஸ் கில்ட்’ என்று எழுது என்றே நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் ஊரான சம்பூரில், போரின்போது, 2006 ஏப்ரலில் ஷெல்லும் விமானக் குண்டும் விழுந்தன. செப்டெம்பரில் ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின, பிறகு அனல்மின் நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டன. சனம் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தது. 2015இல்தான் திரும்ப வழி பிறந்தது.

அதையும் அவள் எழுதியிருந்தாள்: ‘வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 2015’. ‘சின்ஸ்’ வந்தால் ‘ஹாவ் பீன் லிவிங்’ என்று வரவேண்டும். ‘வாழ்கிறோம்’ என்று நினைக்காமல் ‘வாழ்ந்து வருகிறோம்’ என்று நினைத்துப் பார் என்றேன். அந்த ‘வருகிறோம்’ 2015இலிருந்து இன்றுவரை நடந்து வருகிறதே, அந்த நடைக்குத்தான் ஆங்கிலத்தில் ‘ஹாவ் பீன்’. உடனே பிடித்துக்கொண்டாள்.

பிறகு முதல் வரிக்கே திரும்பிப் போனாள். “ஆர் செய்ததெண்டும் எழுத வேணுமா ரீச்சர்?”

‘பை’ போட்டு எழுதலாம், எழுதாமலும் விடலாம், இரண்டும் இலக்கணத்துக்குச் சரி என்றேன். ‘வீ வேர் டிஸ்பிளேஸ்ட்’ என்று திருத்தி எழுதினாள். முற்றுப்புள்ளி வைக்கவில்லை. அம்மம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து மிச்சத்தை எழுதுவதாகச் சொல்லிக் கொப்பியை மூடினாள்.