எறிந்த பொருளுக்கு உரியவர் எவர்?

விலைகொடுத்து ஒரு பொருளை வாங்கியவர் அதற்கு உரிமையாளர் ஆகின்றார் என்பதைச் சட்டமும் வழக்கமும் ஒருங்கே ஏற்றுக்கொள்கின்றன. அவ்வுரிமை எப்பொழுது முடிவுறுகின்றது என்ற வினாவையோ நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. விற்றால் முடியும், பிறருக்குக் கொடுத்தால் முடியும், இவற்றில் ஐயமில்லை. ஆனால் படலைக்கு வெளியே எறிந்தால் முடியுமா? மீன்முள்ளும், பிழிந்த தேங்காய்ப்பூவும், பால்மாப் பெட்டியும், உடைந்த மின்குமிழும் ஒரே பையினுள் முடிச்சிடப்பட்டு வீதியோரத்தில் வைக்கப்பட்ட கணத்திலிருந்து அவை எமக்கு உரியன அல்ல என்பதே எமது நகர வாழ்க்கையின் எழுதாச் சட்டம். இச்சட்டம் இயற்றப்பட்ட நாள் எவருக்கும் தெரியாது. அதனால் ஒரே நாளில் மாண்டோரின் தொகை மட்டும் தெரியும்.

2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று பிற்பகல், கொழும்பை அடுத்துள்ள மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து அதன் அடிவாரத்து வீடுகளை மூடியது. 32 பேர் உயிரிழந்தனர். புளூமெண்டல் குப்பைமேடு 2009 இல் மூடப்பட்டதைத் தொடர்ந்து தலைநகரின் கழிவு மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் கொட்டப்பட்டதெனச் செய்திகள் கூறின. அயலவர்கள் வாளாவிருந்தார்கள் என்று எவரும் கூறமுடியாது. ஆண்டுக்கணக்காக வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சதுப்பு நிலத்தோரத்து ஏழைகள் பேசினார்கள் என்பதனாலேயே அக்குரல் செவிமடுக்கப்படவில்லை.

மலை சரிந்த பின்னர் அதிகாரிகள் தேடியது மற்றொரு மலைக்கான இடத்தையே. கொழும்பின் கழிவை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளம் மாவட்டத்து அருவாக்காலுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை எதிர்த்து 2018 இலும் 2019 இலும் புத்தளத்து மக்கள் போராடினர். சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியையும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பலையும் ஏற்கெனவே சுமந்தவர்கள் அவர்கள். 1990 இல் வடபகுதியிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் தஞ்சமடைந்த மண்ணும் அதுவே. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதுபோலக் கழிவு செல்வத்திலிருந்து வறுமைக்குப் பாய்கின்றது. நாடுகளுக்கிடையிலும் நியதி இதுதான். பாவித்த மெத்தைகள், கம்பளங்கள் என்ற பெயரில் மீள்சுழற்சிக்கென இறக்குமதியான பிரித்தானியக் கழிவு கொழும்புத் துறைமுகத்தில் வந்து கிடந்ததையும், அக்கொள்கலன்களில் இறுதித் தொகுதி 2022 இலேயே திருப்பி அனுப்பப்பட்டதையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். மீள்சுழற்சி என்ற நல்ல சொல்லும் எத்தகைய சரக்கைச் சுமக்கவல்லது என்பதற்கு இது சான்று.

இந்நிலையில், வீட்டிலேயே கழிவைப் பிரித்து வையுங்கள் என்று உள்ளூராட்சி மன்றங்கள் கேட்பதன் பொருள் என்ன? உக்குவது, உக்காதது என்ற பாகுபாட்டைச் சிறு குழந்தையும் இன்று அறியும். அதன் உட்பொருளை வளர்ந்தோரே சிந்திப்பதில்லை. இலங்கையின் வீட்டுக்கழிவில் பாதிக்கு மேற்பட்ட பங்கு உக்கும் தன்மையது. அதனைத் தனியே குவித்து, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிக் காற்றூட்டினால் சில மாதங்களில் மண்ணுக்கு உணவாகும். அதே பொருளைக் காற்றுப்புகாத குவியலின் அடியில் புதைத்தால் மெதேன் வாயுவாகவும், நிலத்தடி நீரைக் கெடுக்கும் கசிவாகவும் மாறுகின்றது. அதனோடு கலந்த கடதாசி நனைந்து பயனற்றுப் போகின்றது. கண்ணாடி அழுக்கேறி விலையற்றுப் போகின்றது. ஆகவே நாம் குப்பையை எறிகின்றோம் என்பதைவிட, கலப்பதன் மூலம் குப்பையை உற்பத்தி செய்கின்றோம் என்பதே பொருந்தும். எமது தோட்டக்காரர் பேச்சில் குப்பை என்ற சொல் எருவையும் குறிப்பதன் நியாயம் இங்கு விளங்கும்.

2021 இல் கெரவலப்பிட்டியில் கழிவை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பெறும் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலை வளர்வதிலும் இது மேல் என்பதை ஒப்புக்கொள்வோம். எனினும் நாள்தோறும் தீனி கேட்கும் உலை ஒன்று, கழிவைக் குறைக்கும் முயற்சிக்கு எங்ஙனம் நண்பனாதல் கூடும்?

எமது நண்பர்களுள் சிலர் இவ்விடத்தில் குறுக்கிடுவர். “பொலித்தீனை உற்பத்தி செய்பவன் முதலாளி, இலாபம் அவனுக்கு. தொட்டி மூன்று வைத்துப் பிரிக்கும் வேலை மட்டும் எமது வீட்டுப் பெண்களுக்கா?” என்பர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. கண்ணாடிச் சோடாப் போத்தலுக்கு முற்பணம் கொடுத்து, வெறும் போத்தலைக் கடையில் ஒப்படைத்து, காசைத் திரும்பப் பெற்ற வழக்கத்தை வயதில் மூத்தோர் நினைவுகூர்வர். போத்தலைச் சேர்ப்பதும் ஏற்றுவதும் கழுவுவதும் அன்று கம்பனியின் செலவு. பிளாஸ்ரிக் போத்தல் வந்ததும் அச்செலவு கம்பனியின் கணக்கேட்டிலிருந்து மறைந்து, வரிசெலுத்துவோரின் கணக்கிலும் கால்வாயிலும் கடற்கரையிலும் தோன்றியது. இதனைப் பேசாது இல்லத்தரசியின் கவனக்குறைவை மட்டும் பேசும் சுவரொட்டிகள் அரை உண்மையைப் பரப்புவன. 2017 செப்டெம்பரில் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள்களும், 2021 இல் உணவும் மருந்தும் அல்லாத சிறு சஷேப் பைகளும் தடைசெய்யப்பட்டமை சரியான திசையில் வைத்த அடிகளே. ஆனால் நாட்கூலி பெறுபவர் தலைக்கு வைக்கும் ஷம்புவைச் சிறு பையில் வாங்குவது போத்தலை வாங்கப் பணமில்லாமையால் என்பதையும் சட்டம் இயற்றுவோர் எண்ணியிருத்தல் வேண்டும்.

எனினும் நண்பர்களின் வாதம் முழுமையானதன்று. உற்பத்தி உறவுகள் முற்றாக மாறிய சமுதாயத்திலும் மீனுக்கு முள் இருக்கும். அதை எவரோ ஒருவர் கையால் அள்ளுவார். அந்தக் கை எவருடையது என்பதே எமது விசாரணையின் மையம்.

பிரித்தானியர் ஆட்சியில் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களைத் துப்புரவு செய்வதற்குத் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கொண்டுவரப்பட்டனர். கண்டி மகியாவ போன்ற குடியிருப்புக்களில் அவர்களது சந்ததியினர் இன்றும் வாழ்கின்றனர். வாளி மலகூடங்கள் போயின, வண்டிகள் மாறின, வேலை தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் வழக்கம் முற்றாக அறுந்துவிடவில்லை. பழைய நாட்களில் வாழையிலையில் உண்டோம், பனையோலைப் பெட்டியில் பொருள் சுமந்தோம், குப்பையே இருக்கவில்லை என்று பெருமை பேசுவோர் அந்நாட்களில் வாளி சுமந்தவரை மறந்துவிடுகின்றனர். அக்காலத்தின் தூய்மை சிலரது தீண்டாமையின்மீது எழுப்பப்பட்டது.

உடைந்த கண்ணாடியையும், ஊசியையும், அழுகிய சோற்றையும் ஒரே பையில் இட்டு முடிச்சிடும் ஒருவர், அம்முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே ஒரு மனிதர் பிறந்திருக்கின்றார் எனக் கருதுகின்றார். வாயால் சமத்துவம் பேசுபவராயினும் அவரது பை வேறொன்று பேசுகின்றது. வீட்டில் கழிவைப் பிரித்தலை நாம் இயற்கைமீது கொண்ட காதலாகவோ நாகரிகப் பழக்கமாகவோ காண விரும்பவில்லை. பெயர் அறியாத ஒரு தொழிலாளிக்கு நாம் செலுத்தும் கடன் அது. ஆதலின் அக்கடனை வீட்டிலுள்ள ஆண்மகன் தன் மனைவிமீது சுமத்திவிட்டுத் தோழமை பேசுதலும் ஒவ்வாது. மீன்முள்ளைச் சாம்பலோடு குழியில் இட அவனுக்கும் கைகள் உண்டு.

கடன் இருதரப்பட்டது என்பதையும் கூறவேண்டும். மூன்று நிறத் தொட்டிகளில் மாணவர் பிரித்திட்டவற்றை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டிச் செல்லும் காட்சியைப் பல பாடசாலைகளில் காணலாம். அதைக் கண்ட மாணவன், “சேர், பிறகு ஏன் பிரிக்கச் சொன்னீர்கள்?” என்று கேட்பானாயின், அவனை இருக்கச் சொல்லிவிட்டுச் சுற்றாடற் பாடத்தைத் தொடர்வது தகாது. வகுப்பை அழைத்துக்கொண்டு பிரதேச சபைத் தவிசாளரிடம் ஆசிரியர் செல்லலாம். வண்டிகள் எத்தனை, எந்த நாளில் எது ஏற்றப்படுகின்றது, கூட்டெரு எங்கே தயாராகின்றது, யார் வாங்குகின்றனர், துப்புரவுத் தொழிலாளருள் நிரந்தர நியமனம் பெற்றோர் எத்தனை பேர், அவர்களுக்கு இவ்வாண்டு கையுறை வழங்கப்பட்டதா என்று மாணவரே கேட்கட்டும். இவற்றுக்கான விடைகள் சபையின் ஏடுகளில் இருக்கவேண்டியவை.