ஆற்றங்கரையில் நின்றவர்கள்

நெல்லைப் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி 1979-இல் மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ படத்தைப் பங்கு இளைஞருடன் அண்மையில் கண்டோம். நோயுற்ற மனைவி இருக்க, அவள் தங்கையையும் மணக்கத் துடிக்கிறார் சுந்தரவடிவேலு. இறுதியில் ஊரார் அவரை ஆற்றுக்கு இட்டுச் செல்கையில் இளைஞர் சிலர் கைதட்டினர். மெய்யாகவே, நம் உள்ளமும் உடன் தட்டியது. நல்லவர்களாயிருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்ற பொருள்பட அவர் சொன்னபோது அரங்கம் அடங்கிற்று. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைச் சூழ்ந்தோர் ஒருவர்பின் ஒருவராக அகன்றனர், இவ்வூரார் அகலவில்லை. பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்கையில் உடலின் இச்சைகளைத் துருவித் தேடும் நாம், பிறர் அழிவை விரும்பும் இச்சையைத் தேடியதுண்டா? தாமிரபரணிக் கரையில் நடக்கும்போதெல்லாம், தந்தையை இழந்து ஆற்றோரம் நின்ற அக்குழந்தைகளே கண்முன் வருகின்றனர்.