வாசனையும் வஞ்சனையும்

எங்கள் வீடு காப்பி வீடு. காலையில் பில்டரில் டிகாக்‌ஷன் இறங்கினால்தான் எங்களுக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். தேநீர் என்பது, வீட்டில் கொத்து வேலை நடக்கும்போது கடையிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் வாங்கி வந்து கொடுக்கிற பானம் என்றே வெகு காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் அகம்பாவமும் கலந்திருந்தது என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் நஷ்டமில்லை.

சென்ற தை மாதம், லண்டனில் வேலையாக இருக்கும் என் அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். புறப்படும் அன்று ஒரு சின்னத் தகர டப்பாவை என் மேஜைமேல் வைத்தாள்.

“மாமா, இது அசாம் டீதான். ஆனா கேரமல் புட்டிங் வாசனை அடிக்கும். சர்க்கரை கிடையாது. கொதிக்கிற தண்ணியை ஊத்தி நாலு நிமிஷம் மூடி வையுங்க. பிடிக்கலேன்னா யாருக்காவது கொடுத்துடுங்க.”

யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டேதான் டப்பாவைத் திறந்தேன். திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாலிப வயதில் ஒரு ரெயில்வே சிற்றுண்டிச் சாலையில் முதல் தடவையாகக் கேரமல் கஸ்டர்ட் சாப்பிட்டேன். பீங்கான் தட்டில் ஆடிக்கொண்டு வந்து நின்ற அந்தப் பண்டம், அதன் தலையிலிருந்து வழிந்த கருஞ்சிவப்புப் பாகு, வண்டி கிளம்பிவிடுமோ என்ற பதைப்பு, எல்லாம் அந்த டப்பாவுக்குள் இருந்தன. அசாமில் விளைந்த இலைக்குள் என் பழைய ரெயிலை யார் ஏற்றி வைத்தார்கள்?

குடித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. மூக்கு, ‘இதோ வருகிறது புட்டிங்’ என்று கட்டியம் கூறுகிறது. நாக்கில் வந்து இறங்குவதோ நல்ல துவர்ப்பு. கல்யாண வீட்டு வாசலில் நாதஸ்வரம் கேட்கிறதே என்று உள்ளே போனால், கூடத்தில் ஒருவர் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பது போல. ஆனால் விழுங்கிய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. போனது போயிற்று என்று நினைத்த மணம் தொண்டைக்குப் பின்னாலிருந்து மெல்ல ஏறி மறுபடியும் மூக்கைத் தொட்டது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு மூக்கின் உழைப்பு. ஜலதோஷம் பிடித்த நாளில் மிளகு ரசமும் வெந்நீரும் ஒன்றாகிவிடுகிறதே, அது இதனால்தான். மூன்று நாள் தொடர்ந்து மாலை நாலு மணிக்கு அந்தத் தேநீரைத் தனியாகக் குடித்துச் சந்தோஷப்பட்டேன்.

நாலாவது நாள் தப்புச் செய்தேன்.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அதற்கு முன் அவளைப்போல் இனிப்பில் ஆசை வைத்தவர்களை நான் பார்த்ததில்லை. டாக்டர் சொன்ன அன்று நிறுத்தினாள், நிறுத்தியதுதான். ஒரு கல்யாணத்திலும் இலையில் விழுந்த ஜாங்கிரியைத் தொட்டவளல்ல. ஆனால் தீபாவளிக்கு அதிரசம் இன்னும் அவள் கையால்தான். வெல்லப் பாகு கொதிக்கும்போது பக்கத்தில் நின்று முகர்ந்தே பதம் சொல்லிவிடுவாள். வெந்த அதிரசத்தில் முதலாவதை என்னிடம் கொடுத்து, “சரியா இருக்கா?” என்று என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால் திருப்தியாக உள்ளே போய்விடுவாள்.

அப்படிப்பட்டவளிடம், டப்பாவைப் புத்தகங்களுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, ஒரு தம்ளர் தேநீரை நீட்டினேன்.

“குடிச்சுப் பாரேன்.”

வாய்க்குக் கொண்டுபோனவள் நின்றாள். முகம் மாறியது. “என்ன போட்டிருக்கீங்க இதுல?”

“உனக்கு ஒண்ணும் செய்யாது. குடிச்சுட்டுச் சொல்லு.”

அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் அவள் முகத்தில் நான் பார்த்ததை எழுதக் கை கூசுகிறது. ஆசை வந்தது, உடனே பயம் வந்தது, பிறகு, ‘இவர் எனக்குக் கெடுதல் செய்ய மாட்டார்’ என்ற நம்பிக்கை வந்து இரண்டையும் ஒதுக்கிவிட்டு அவளைக் குடிக்க வைத்தது. குடித்தாள். தம்ளரை மேஜைமேல் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிப்பு இல்லையேன்னு எனக்குக் கோபமில்லைங்க,” என்றாள். “நான் எப்படிக் குடிக்கிறேன்னு பார்த்துக்கிட்டிருந்தீங்களே, அதுதான்.”

கதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட புத்தி உண்டு. வீட்டில் இழவு விழுந்தாலும், அழுகிறவர்கள் எப்படி அழுகிறார்கள் என்று ஒரு கண் கவனித்துக்கொண்டிருக்கும். அன்று நான் வசமாகப் பிடிபட்டேன்.

இரவெல்லாம் யோசனை. பொய் சொன்னது யார்? தேநீரா, நானா? எனக்குச் சாதகமாகத்தான் முதலில் வாதாடிப் பார்த்தேன். இல்லாத இனிப்பை இருப்பதாகக் காட்டுகிற பண்டமே ஒரு பொய்தானே? குற்றத்தை அதன் தலையில் போட்டால் போயிற்று.

ஆனால் யோசிக்க யோசிக்க, அதன்மேல் வழக்கு நிற்கவில்லை. வெள்ளைச் சர்க்கரையை ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள், மணமே இராது. இனிப்பு நாக்கின் விவகாரம்; மூக்குக்கு அதைத் தெரியாது. பிறகு ‘இனிப்பு வாசனை’ என்று எதைச் சொல்கிறோம்? சின்ன வயது முதல் பாயசத்தோடும் கேசரியோடும் சேர்ந்தே வந்த மணங்களை மனம் இனிப்போடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. வனிலா மணத்தைச் சேர்த்தால் சர்க்கரையைக் கூட்டாமலே பண்டம் அதிகமாக இனிப்பதாகத் தோன்றும் என்று சோதித்தே கண்டிருக்கிறார்கள். கேரமல் விஷயம் இன்னும் விசித்திரம். சர்க்கரையைச் சுமார் 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அது சிதைந்து வேறு பொருள்களாக மாறத் தொடங்குகிறது. அப்போது எழும் மணம்தான் கேரமல். அதாவது, சர்க்கரை இருக்கும்போது வருகிற மணமல்ல, சர்க்கரை அழிகிறபோது பிறக்கிற மணம். இன்னும் சூடேற்றினால் கசப்புத்தான் மிஞ்சும். அந்த மணத்தோடு துவர்ப்பும் கசப்புமாக ஒரு பானம் வந்தால், அதைப் பொய்யென்று எப்படிச் சொல்வது?

தேயிலையின் சுபாவமும் ஒன்று உண்டு. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மணத்தை வாங்கிக்கொள்ளும். சீனாவில் இரவு நேரத்தில் தேயிலையோடு மல்லிகை மொட்டுக்களைக் கலந்து வைத்து, மணம் ஏறிய பிறகு பூவைப் புடைத்து எடுத்துவிடுவார்கள். பாதிரிப் பூவோடு சேர்ந்த புதுப் பானை அந்த மணத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிற செய்தி நம்முடைய நாலடியாரிலேயே இருக்கிறது. அங்கே அது சத்சங்கத்துக்கு உவமை, வஞ்சனைக்கு அல்ல. தண்ணீர் பூவாகி வேஷம் போடுவதாக யாரும் குறை சொல்லவில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர், “பூவென்றால் சரி. உமது டப்பாவில் இருப்பது ரசாயனமாயிற்றே” என்றார். நியாயமான கேள்விதான். வனிலாவின் மணப்பொருளை 1874-ல் டீமன், ஹார்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் பைன் மரச் சத்திலிருந்து செய்துவிட்டார்கள். இன்று பெட்ரோலியத்திலிருந்தும் வருகிறது. ஆனால் ‘அசல்’ என்கிறோமே, அதன் கதையையும் கேட்க வேண்டும். வனிலாக் கொடி மெக்ஸிகோ பக்கத்தைச் சேர்ந்தது. வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் கண்டது பூவை மட்டும்தான், காய் பிடிக்கவில்லை. மலர்ந்த பூ ஒரு நாள்தான் நிற்கும். 1841-ல் இந்து மகாசமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியாலும் கட்டை விரலாலும் பூவுக்குள் மகரந்தத்தைச் சேர்க்கும் வித்தையைக் கண்டுபிடித்தான். அவன் காட்டிய வழியில்தான் இன்றும் உலகத்தில் வனிலாப் பூக்களைக் கையால் காய்க்க வைக்கிறார்கள். 1848-ல் அடிமைத்தனம் ஒழிந்தபோது அவனுக்கு விடுதலையும் அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. செல்வம் பிறருக்குப் போயிற்று. 1880-ல் வறுமையில் செத்தான்.

அசல் வனிலா என்று பொன்னெழுத்தில் அச்சடித்த டப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனின் பெயர் அச்சடித்த டப்பாவைப் பார்த்ததில்லை. தேயிலை டப்பாவில் கொழுந்து கிள்ளியவளின் பெயர்தான் இருக்கிறதா? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் படித்த காலத்தில் சில நாள் தேநீரைக் கண்டாலே தொண்டை அடைத்தது. பிறகு வழக்கம்போல் மறந்துவிட்டேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஆக, ஒரு பண்டம் இன்னொன்றைப்போல் மணப்பதில் வஞ்சனை இல்லை. எதையோ மறைக்கிற இடத்தில்தான் அது இருக்கிறது. என் மருமகள் கொடுத்த டப்பாவின் மேல், இது தேயிலை, மணம் சேர்த்தது, சர்க்கரை இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த எழுத்தைப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தவன் நான். நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என் புத்தகத்தில் ஒருத்தி சாகும்போது வாசகர்கள் கண்ணீர் விட்டதாகக் கடிதம் எழுதுகிறார்கள். ஒருவரும் ஏமாந்ததாக எழுதுவதில்லை. அட்டையில் ‘நாவல்’ என்று போட்டிருக்கிறது. அதே கதையை ஒரு பொய்த் தந்தியாக அடித்து அவர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

இன்னொரு சந்தேகமும் இருந்தது. விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மனத்தால் அதையே நினைத்துக்கொண்டிருப்பவனைக் கீதை பொய்யொழுக்கம் உள்ளவன் என்கிறது. அப்படியானால் வாசனையை மட்டும் அனுபவிப்பதும் விரதபங்கம்தானா? தமிழில் ‘வாசனை’ என்ற சொல்லையே நாம் இரண்டு பொருளில் வைத்திருக்கிறோம். மூக்குக்கு எட்டுவதும் வாசனை. முன் வினையிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதும் வாசனை. பெருங்காயம் இருந்த பாண்டத்தை எத்தனை தடவை கழுவினாலும் அது போவதில்லை. அதைப் பாண்டத்தின் குற்றம் என்று எந்த மகானும் சொன்னால்கூட, அதிரசப் பாகின் பக்கத்தில் பன்னிரண்டு தீபாவளி நின்ற ஒருத்தியைப் பார்த்த எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வராது.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி, விடுங்க” என்றாள். ஒரு வாரம் நானும் அந்தத் தேநீரைப் போடவில்லை.

போன வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றாள். “அந்த டப்பா எங்கே?”

எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலே எழுதியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்தாள். திறந்து முகர்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“பாகைத் தீய விட்டுட்டான்,” என்றாள். “கொஞ்சம் முன்னாடியே இறக்கியிருக்கணும்.”

“உனக்குப் பிடிச்சிருக்கா?”

“பன்னிரண்டு வருஷமா வாசனையிலேதானே அதிரசம் சுடறேன்? எனக்கு இது புதுசா?”

அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு இரண்டு தம்ளர்களை எடுத்தாள். டப்பாவைச் சாமான் அலமாரியில் வைக்கப் போன என்னைத் தடுத்து, “அங்கே வேண்டாம், பெருங்காய டப்பா இருக்கு” என்று சொல்லி, மேல் தட்டில் தனியாக ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.