படமும் பேரும்

ஒரு கலைஞனுக்கு அவனுக்கே உரிய நடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பழையது. கவிதையையும் ஓவியத்தையும் வைத்து இக்கேள்வியை எழுப்பி நம் விமர்சகர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். புகைப்படத்தைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. இயந்திரம் செய்கிற வேலைக்கு நடை ஏது என்ற அலட்சியம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் புகைப்படத்திற்கு வரும்போதுதான் இக்கேள்வி ஓர் ஒழுக்கப் பிரச்சினையாகவும் மாறுகிறது. கவிஞனின் மூலப்பொருள் சொல்; ஓவியனின் மூலப்பொருள் வண்ணம். புகைப்படக்காரனோ எதிரே உயிரோடு நிற்கும் இன்னொரு மனிதரின் முகத்தை எடுத்துக்கொண்டு தன் நடையை வளர்க்கிறான். அந்த முகத்துக்கு உரியவரிடம் அவன் பட்ட கடன் யாது?

பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது வெறும் தத்துவ விசாரம் ஆகாது. நம் கொழுந்து பறிக்கும் பெண் நான்கைந்து தலைமுறையாகப் படம் பிடிக்கப்பட்டு வருகிறாள். அப்படங்களில் ஒன்றேனும் அவளுடைய லயத்துச் சுவரில் தொங்கக் காண்பது அரிது.

இதன் வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்துத் தேயிலை இடைத்தரகரின்றி நேரே கோப்பைக்கு வருகிறது என்று உலகுக்குச் சொல்ல அவர் வெளியிட்ட விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் இடம்பெற்றாள். அதே ஆண்டில் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் அதையொத்த பிறவும் விற்ற தபாலட்டைகளிலும் அவளே நின்றாள். பின்னால் மூடுபனி, கையில் தளிர், உதட்டில் புன்னகை. விரலில் கறுத்துப் படிந்த தேயிலைச் சாயத்தையும், இடுப்பில் கட்டிய படங்கு மழையில் நனைந்து கனப்பதையும், அட்டைக் கடியையும் அந்தப் படங்களில் தேடிப் பயனில்லை.

அரசும் ஒரு காலத்தில் அம்முகத்தைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. போகிறவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். பெட்டியிலிருந்த நல்ல சேலையை உடுத்தி நகரத்து ஸ்டூடியோவின் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த படம், பிறந்த மண்ணை விட்டுப் போவதற்கான படமாக இருந்தது. வணிகன் அவளைச் சிரிக்கச் சொன்னான். அரசு, அசையாதே என்றது.

இவ்விருவருக்கும் படத்தால் ஆதாயம் இருந்தது. விருப்பத்தின் பொருட்டு மட்டுமே படம் எடுக்கும் அமெச்சூர் கலைஞன் இவர்களின் வேறானவன் என்று நம்பவே நமக்கு ஆசை. அமெச்சூர் என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேரும் அன்பைக் குறிப்பதுதான். ஆயினும் அன்பு செலுத்த ஓய்வு வேண்டும். கமரா வாங்கப் பணம் வேண்டும். இந்நாட்டுப் புகைப்பட வரலாற்றின் பெரும் அமெச்சூர்கள் இருவரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

ஒருவர் ஜூலியா மார்கரெட் கமரன். நம் வரலாற்றுப் பாடநூலில் வரும் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் கமரனுடைய மனைவி. நாற்பத்தெட்டாம் வயதில், 1863இன் இறுதியில், மகள் பரிசாகத் தந்த கமராவைக் கொண்டு தாமே கற்றுக்கொண்டவர். உருவத்தைக் கூர்மையாக்கும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடம் வந்ததும் அவர் நிறுத்திவிடுவார். மற்றவர்களைப் போல மேலும் திருகிக் கூர்மையாக்க மாட்டார். படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று அக்காலத்துப் புகைப்படச் சங்கத்தார் ஏளனம் செய்தார்கள். அவர் விடவில்லை. பிழையென்று பிறர் சொன்னதை அவர் திரும்பத் திரும்பச் செய்தார். அதுவே அவர் நடையாயிற்று. கலை வளர்ச்சி பற்றி ஆரம்பப் பயிற்சியாளருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. 1875இல் கமரன் தம்பதிகள் தங்கள் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிவந்தார்கள். இங்கிலாந்தில் டெனிசன், டார்வின், ஹேர்ஷல் என்று பேரும் புகழும் உடையவர்களை எடுத்த அம்மையார், இங்கே களுத்துறையில் நம்மவர்களையும் எடுத்தார். எஞ்சியுள்ள படங்கள் மிகச் சில. ஒன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர்களின் ஒரு குழு என்பது. டார்வினுக்குப் பேர் உண்டு. குடியானவருக்குக் குழு உண்டு! அதே கண், அதே மென்மை, அதே நடை. எனினும், எதிரே நின்றவர் யார் என்பதைப் பொறுத்து அந்நடையின் பொருள் மாறிவிட்டது. 1879இல் அவர் மலைநாட்டில் இறந்தார். போகவந்தலாவைத் தேவாலயத்தில் கணவரோடு அடக்கமாகியிருக்கிறார்.

மற்றவர் லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்தவர். இலண்டனில் சட்டமும் பியானோவும் பயின்றவர். வழக்கறிஞர் தொழிலை ஒதுக்கிவிட்டு இசையிலும் புகைப்படத்திலும் தோய்ந்தவர். லைக்கா, ரோலிபிளெக்ஸ் ஆகிய கமராக்களைக் கையாண்டார். பல படங்களை ஒன்றாக்கினார். இருட்டறையில் வெளிச்சம் பாய்ச்சி உருவத்தின் விளிம்பைத் தலைகீழாக்கினார். 1938இல் இலண்டனில் தனிக் கண்காட்சி வைத்தார். 1943இல் கூடிய '43 குழு' ஓவியர்களுக்கு உற்ற துணையாக நின்று, மறு ஆண்டே மறைந்தார். அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. நமக்கு மிஞ்சியவை அவர் கையால் அச்சிட்டவையும் 1950இல் வெளிவந்த தொகுப்பும்தான். கிராமத்து மனிதரின் உடலையும் நிழலையும் அவரைப் போல் கண்டவர் அக்காலத்தில் இல்லை என்பது நம் கருத்து. அவற்றின் அழகை மறுப்பது மூடத்தனம். ஆனால் அந்த உடல்களிற் பெரும்பாலானவை உழைக்கிறவரின் உடல்கள் என்பதையும், பார்க்கும் கண் ஓய்வுள்ள வர்க்கத்தின் கண் என்பதையும் மறப்பதும் அவ்வளவு புத்திசாலித்தனமல்ல.

வென்டைக் குறிப்பிடும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1934இல் பேசில் ரைட் எடுத்த 'இலங்கைப் பாடல்' என்ற ஆவணப் படத்துக்குக் குரல் கொடுத்தவர் அவரே. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக எடுத்த படம் அது. வணிகத்தின் குரல்கள் என்ற அதன் மூன்றாம் பகுதியில் உழைக்கும் மனிதரைத் திரையில் காட்டிக்கொண்டே, சந்தை விலைகளையும் வியாபாரக் கடிதங்களையும் குரல்களாகக் கேட்கச் செய்கிறார் இயக்குநர். தேயிலை விற்கப் பணம் கொடுத்தவன் கேட்டது ஒன்று. கலைஞன் காட்டியது இன்னொன்று. படத்தில் உள்ளவரைச் சூழ்ந்திருக்கும் விலையையும் நிறையையும் சேர்த்துக் காட்டும்போது, அழகு தன் குற்றத்தைச் சிறிதாவது ஒப்புக்கொள்கிறது.

இன்று கமரா கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. லயத்தில் பிறந்த பிள்ளையும் படம் எடுக்கலாம். இது சிறிய மாற்றமன்று, கருவி கைமாறியிருக்கிறது. ஆனால் கருவி கைமாறியதும் கண்ணும் மாறிவிடும் என்று நினைப்பது அவசரம். நம் ஊர் இளைஞர்கள் முதலில் எடுக்கும் படங்களைப் பாருங்கள்: 1921இல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் இரயில், துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, நமுனுகுலை மலையுச்சியில் முகில், கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். பழைய தபாலட்டைக்காரனின் கண் தோட்டத்துப் பிள்ளையின் முகத்திலேயே குடியேறியிருக்கிறது. தன் தாயைக்கூட அவன் சுற்றுலாப் பயணி பார்ப்பதுபோலவே பார்க்கிறான். இதற்கு அவனைக் குறைகூறிப் பயனில்லை. எல்லோரும் பிறர் நடையில்தான் தொடங்குகிறோம். செய்யுள் பழகுகிறவனும் அப்படித்தான் தொடங்குகிறான்.

நாம் அறிந்த ஒரு மாணவனின் படங்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அவனும் பாலத்தில்தான் தொடங்கினான். மாற்றம் வந்தது ஒரு சிறு காரியத்தால். கொழுந்து பறிக்கும் ஒருவரை எடுத்த படத்தைப் பதுளையில் அச்சிட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் மகிழ்ந்தார், மகிழ்ந்துவிட்டு, மட்டக்கம்பைக் காணோமே என்றார். செடியின் மட்டம் பார்க்கப் பந்தத்தின்மேல் வைக்கும் அந்தக் கம்பு படத்தின் விளிம்புக்கு அப்பால் போயிருந்தது. அது இல்லாமல் நான் வேலை செய்வதாக யார் நம்புவார்கள் என்பது அவர் கேட்ட கேள்வி. எந்தப் புகைப்படச் சங்கத்தின் நடுவரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. படம் எடுக்கப்பட்டவரே விமர்சகராகிவிட்டார். அதன்பின் அவன் நெருங்கி எடுப்பதை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்கத் தொடங்கினான். கையோடு கருவியும், கருவியோடு அடுத்த நிரையில் நிற்பவரும் படத்துக்குள் வந்தார்கள். பிறகு மடுவத்துக்குப் போனான். கூடை தராசில் தொங்கும் கணத்தில் பறித்தவரின் கண் முள்ளைப் பார்க்கிறது; கணக்கப்பிள்ளையின் கண் புத்தகத்தைப் பார்க்கிறது. கமராவை யாருமே பார்ப்பதில்லை. அவனுடைய நடை என்று இன்று நாம் அடையாளம் காண்பது இதைத்தான். அதை அவன் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. எங்கே நிற்பது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டுக் கற்றான்.

நடை என்பது கலைஞனின் உள்ளத்திலிருந்து தானே ஊறுவது என்பார் உண்டு. ஊறட்டும். ஆனால் ஊற்றுக்கும் ஒரு நிலம் வேண்டும். படத்தைத் திருப்பிக் கொடுக்காத புகைப்படக்காரனுக்குத் தன் கண்ணைத் திருத்த ஆளில்லை; அவன் தன்னையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு அதற்குத் தனித்துவம் என்று பேர் வைக்கிறான்.

பேர் என்றதும் தோட்டத்துச் சொல் ஒன்று நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது கணக்கு. குறித்த நிறை பறிக்காவிட்டால் அரைப்பேர். மாதத்துக்கு எத்தனை பேர் விழுந்தது என்று கேட்டால் எத்தனை நாட் சம்பளம் என்று பொருள். உழைத்தால்தான் பேர், குறைந்தால் பாதிப்பேர் என்று ஒரு மனிதரின் பேரையே நிறுத்துக் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டில், படத்தின் கீழ் முழுப்பேரையும் எழுதுவது ஒரு நீதிச் செயலாகவே நமக்குத் தோன்றும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்த இடத்தை நோக்கிக் கமராக்கள் விரைந்தன. அழும் முகங்கள் அச்சாயின. மண் மூடுமுன் அம்முகங்களைத் தேடி எத்தனை கமரா போயிருந்தது?

ஆகவே அம்மாணவன் பள்ளி மண்டபத்தில் தன் படங்களை வைக்க முனைந்தபோது, ஒவ்வொன்றின் கீழும் பேர் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினோம். அவனும் ஒத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டான். பலர் சம்மதித்தார்கள். மடுவத்துப் படத்தில் தராசு முள்ளைப் பார்த்து நின்றவர் மட்டும் மறுத்துவிட்டார். “படத்த வை தம்பி. பேர மட்டும் போட்டுறாத. ஆபிஸ்ல யாராச்சும் பார்த்தா நமக்குத்தான் கரச்சல்” என்றார்.

நாம் நீதி என்று கருதியது அவருக்கு ஆபத்தாக இருக்கக்கூடும். பேரைக் கொடுப்பதும் கொடாமல் விடுவதும் பேருக்கு உரியவரின் உரிமை. லிப்டனின் விளம்பரத்தில் பேர் இல்லாததும் இந்தப் படத்தில் பேர் இல்லாததும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். முன்னதில் அவளை யாரும் கேட்கவில்லை, பின்னதில் அவர் கேட்கப்பட்டு மறுத்தார். பார்க்க வருகிறவருக்கு இந்த வேறுபாட்டைப் படம் தானே காட்டுமா, வேறு எவ்வாறு காட்டுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. இப்போதைக்கு அப்படத்தின் கீழ் வெறும் அட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் அன்றைய நிறையை மட்டும் அவன் எழுதியிருக்கிறான். அதை எழுதலாம் என்று அவர் சொன்னார்.