கொடுக்க இயலாதவரின் கடமை

குறைந்தபட்ச ஊதியம் பற்றிய விவாதத்தில் பெருநிறுவனங்களுக்காக எவரும் வெளிப்படையாகப் பரிந்து பேசுவதில்லை. சட்டத்துக்கு எதிரான வாதம் வலுப்பெறுவதெல்லாம் ஐந்தாறு பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு முதலாளியின் பெயரால்தான். வட்டியும் வாடகையும் மின்கட்டணமும் போக மாதக் கடைசியில் அவர் கையில் மிஞ்சுவது, அவரிடம் வேலை செய்பவர் வாங்கும் ஊதியத்தைவிடச் சற்றே அதிகமாக இருக்கலாம். சில மாதங்களில் அதுவும் இருக்காது. அத்தகையவரிடம் ‘இந்தத் தொகைக்குக் குறையாமல் கொடுத்தே தீர வேண்டும்’ என்று அரசு ஆணையிடுவது அறமாகுமா என்னும் கேள்வியை, முதலாளிகளின் வழக்கமான புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தியச் சட்டம் இதற்கு விடை சொல்லி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், அட்டவணையில் சேர்க்கப்பட்ட தொழில்களுக்கு அரசு ஊதிய வரம்பு விதிக்க வேண்டும் என்றது. வேலை கொடுப்பவர் சிறியவர் என்பதற்காக விலக்கு எதையும் அளிக்கவில்லை. ஒரு மாநிலம் முழுவதிலும் ஆயிரம் பேருக்கும் குறைவாக ஈடுபட்டுள்ள தொழிலுக்கு மட்டும் ஊதியம் நிர்ணயிக்காமல் விடலாம் என்று இருந்த சலுகையும் தொழிலின் பரப்பைப் பற்றியதே ஒழிய, முதலாளியின் வசதியைப் பற்றியதன்று. அஜ்மீரின் பிஜய் பருத்தி ஆலை தொடுத்த வழக்கில், குறைந்த கூலிக்கு வேலை செய்யத் தொழிலாளரே இசைந்தாலும், முதலாளிக்கு அது தாங்க முடியாத சுமையானாலும் சட்டம் செல்லும் என 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரள ஓட்டுத் தொழிற்சாலைகள் தொடர்பான 1961ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஊதியத்தின் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது: உயிரும் உழைப்புத் திறனும் குன்றாமல் காப்பது குறைந்தபட்ச ஊதியம், அதற்கு மேல், தொழிலின் தாங்குதிறனையும் கணக்கில் கொண்டு அமைவது நியாய ஊதியம், மனிதர் மதிப்போடு வாழப் போதுமானது வாழ்வூதியம். கொடுக்கும் சக்தி என்ற வாதத்துக்கு இடம் இரண்டாம் படியிலிருந்துதான் உண்டு, முதற்படியில் இல்லை.

இந்தக் கண்டிப்புக்கு அடிப்படை ஓர் எளிய கணக்கு. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று நுகர்வு அலகுகள், அதாவது ஏறத்தாழக் கணவன், மனைவி, இரு குழந்தைகள், வாழ வேண்டும் என்றும், அலகு ஒன்றுக்கு 2,700 கலோரி உணவும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணியும் வேண்டும் என்றும் வகுத்தது. இந்த அளவுக்குக் கீழே ஊதியம் இறங்கினால் பற்றாக்குறை மறைந்துவிடுவதில்லை. மனைவி ஒரு வேளை குறைத்து உண்பதாலோ, மகளின் படிப்பு நிற்பதாலோ, கந்துவட்டிக் கடன் ஏறுவதாலோ அதை யாரோ ஈடுகட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஊதியத்தால் மட்டுமே பிழைத்திருக்கும் தொழில், தன்னைவிட ஏழையான ஒரு குடும்பத்திடம் மாதந்தோறும் மானியம் பெற்றுப் பிழைத்திருக்கிறது. ‘அவர் விரும்பித்தானே வருகிறார்’ என்ற சமாதானமும் நிற்காது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானப் பணிகள் குறித்த 1982ஆம் ஆண்டு வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்றும், பசியும் வறுமையும் தரும் நெருக்குதலும் வன்முறையைப் போன்ற கட்டாயமே என்றும் நீதிமன்றம் கூறியது. அறநெறி நோக்கில் இது சரியான முடிவு.

ஆயினும் இந்த வாதங்கள் எல்லாம் சேர்ந்து நிறுவுவது ஒன்றைத்தான்: தொழிலாளிக்கு அந்த ஊதியம் கிடைத்தாக வேண்டும். அதை முழுவதும் யார் தர வேண்டும் என்பதை அவை நிறுவவில்லை. தொழிலாளியின் உரிமையிலிருந்து முதலாளியின் தனிக்கடமைக்குச் சட்டம் ஒரே தாவலில் போய்விடுகிறது. இந்த இடைவெளியைத்தான் விவாதத்தின் இரு தரப்பாரும் கவனிப்பதில்லை.

சோமனூர், பல்லடம் பகுதிகளின் கூலி விசைத்தறிக் கூடங்களில் இந்த இடைவெளியைக் கண்ணால் காணலாம். தறிகள் கூடத்து உரிமையாளருடையவை. ஆனால் அவற்றில் ஓடும் நூல் அவருடையதன்று. ஜவுளி உற்பத்தியாளர் என அழைக்கப்படும் வணிகர் பாவு நூலையும் ஊடை நூலையும் கொடுத்து, நெய்த காடாத் துணியை வாங்கிக்கொண்டு, மீட்டர் கணக்கில் நெசவுக் கூலி தருகிறார். அந்தக் கூலிக்குள்தான் கூடத்து உரிமையாளர் மின்கட்டணம், உதிரி பாகங்கள், கடன் தவணை, தறி ஓட்டுபவரின் ஊதியம், தாரில் ஊடை நூலைச் சுற்றும் பெண்ணின் ஊதியம் அனைத்தையும் அடக்க வேண்டும். நூல் விலையோ துணி விலையோ அவர் கையில் இல்லை. நெசவுக் கூலியை உயர்த்தக் கோரி இவர்கள் தறிகளை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததுண்டு. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 2022இன் தொடக்கத்தில் நடந்தது அவற்றில் ஒன்று. முதலாளி எனப்படுபவர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறார் என்றால், அவரை வெறும் முதலாளி என்று கொள்ளும் அறக்கணக்கு எங்கோ பிழைபட்டிருக்கிறது.

அதே கூடத்தில் நின்று நாலைந்து தறிகளை ஒருசேரக் கவனிப்பவரின் நிலையும் தெளிவானதே. அவருக்கும் நெய்த அளவுக்குத்தான் ஊதியம். மின்தடை வந்தால் தறி நிற்கும். தறி நின்றால் ஊதியமும் நிற்கும். பாவு தீர்ந்து அடுத்த பாவு வரத் தாமதமானாலும் அதே கதைதான். துண்டு வேலைக்காரருக்கும் நேரக் கணக்கில் ஓர் அடித்தள ஊதியத்தை உறுதிசெய்ய 1948ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருந்தது. வேலை தடைப்படுவதன் இழப்பு எளியவர் தலையில் விழாமல் காப்பதே அதன் நோக்கம். கூடத்து உரிமையாளரை அழுத்தும் பளு எவ்வளவு உண்மையானாலும், அதைத் தமக்குக் கீழே நிற்பவர் மீது இறக்கி வைக்கும் உரிமையை அது அவருக்குத் தருவதில்லை. அநீதிக்கு ஆளானவர் என்பதால் ஒருவர் அநீதி இழைக்க உரிமம் பெறுவதில்லை.

சட்டத்தைக் கண்டிப்பாகச் செயல்படுத்தினால் என்ன நேரும் என்பதில் மழுப்பலுக்கு இடமில்லை. கூடத்து உரிமையாளர் வேலையாளை நிறுத்திவிட்டுத் தம் மனைவியையும் படிக்கும் மகனையும் தறியில் நிறுத்தலாம். சொந்தக் குடும்பத்து உழைப்புக்குக் குறைந்தபட்ச ஊதியம் கேட்பார் யாருமில்லை. சட்டம் பின்பற்றப்பட்டதாகவே பதிவேடு காட்டும், சுரண்டல் அடுக்களைக்குள் இடம் மாறியிருக்கும். மாநில அரசு விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை வழங்கிவந்த 750 யூனிட் இலவச மின்சாரத்தை 2023இல் 1,000 யூனிட்டாக உயர்த்தியது, தேவையான உதவிதான். ஆனால் விலையை நிர்ணயிக்கும் வலிமை வணிகரிடமே இருக்கும்வரை, கூடத்துக்குக் கிடைக்கும் எந்தச் சலுகையும் நெசவுக் கூலியை உயர்த்தாமல் தள்ளிப்போடுவதற்கான காரணமாக மாறிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. பொதுப் பணம் யார் பையில் போய்ச் சேர்கிறது என்று கேட்காத மானியம் பாதி அறமே.

தென்கொரியா இதே சிக்கலை வேறு உருவில் சந்தித்தது. 2018இல் அங்கே குறைந்தபட்ச ஊதியம் ஒரே தடவையில் 16.4 விழுக்காடு உயர்ந்து மணிக்கு 7,530 வோன் ஆனது. சிறு நிறுவனங்களின் சுமையைக் குறைக்க, முப்பதுக்கும் குறைவானவர்களை வேலைக்கு வைத்திருப்போருக்குத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 1,30,000 வோன் வரை அரசு உதவியது. அப்படியும் சிறு வணிகர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தலைமை நிறுவனத்தின் பெயரில் உரிமம் பெற்று நடத்தப்படும் சிறுகடைகளின் உரிமையாளர்களோ, ஊதிய உயர்வை எதிர்த்ததோடு, தலைமை நிறுவனம் தங்களிடம் பிடித்துக்கொள்ளும் பங்கைக் குறைக்க வேண்டும் என்றும் கோரினார்கள். இந்த இரண்டாவது கோரிக்கையே விவாதத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தது எனலாம்.

வேலையிழப்பு என்ற எதிர்வாதத்தைப் பொருளியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1992இல் நியூஜெர்சி மாநிலம் ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் துரித உணவகங்களோடு ஒப்பிட்ட டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் வேலைவாய்ப்பு குறைந்ததாகக் காணவில்லை. அந்த முடிவை மறுத்தோரும் உண்டு. ஜெர்மனி 2015இல் மணிக்கு 8.50 யூரோ என விதித்தபின் நடந்த ஓர் ஆய்வு, மொத்த வேலை குறையாமல், குறைந்த ஊதியக்காரர் சிலர் சிறிய நிறுவனங்களிலிருந்து ஊதியம் கூடுதலாகத் தரும் பெரிய நிறுவனங்களுக்கு மாறியதைக் கண்டது. சிறு தொழில்கள் சில மறைவதும் தொழிலாளர் நலம் பெறுவதும் ஒருங்கே நிகழக்கூடும் என்பது இதன் பொருள். ஆனால் இந்த ஆறுதலைப் பல்லடத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஐம்பது வயதில், பக்கத்து ஊர்க் கூடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத, வாங்கிய முன்பணத்தால் கட்டுண்ட பெண்ணுக்குப் பெரிய ஆலையின் வாசல் திறந்திருப்பதில்லை. சராசரி கெடவில்லை என்பது அவருக்குச் சொல்லத்தக்க பதில் அன்று. வரம்பைப் படிப்படியாக உயர்த்துவதற்கும், மூடப்படும் கூடங்களின் தொழிலாளருக்கு இடைக்கால உதவி தருவதற்கும் அறக்காரணம் இங்கேதான் இருக்கிறது.

சிறு தொழில்களுக்கு விலக்கு என்னும் கோரிக்கையை மட்டும் இந்தக் காரணங்கள் எதுவும் தாங்கிப்பிடிக்கவில்லை. விலக்கு அளித்தால் ஒரே கூடம் ஏட்டில் இரண்டாகப் பிரியும். ஒழுங்காக ஊதியம் தரும் முதலாளியைத் தராத முதலாளி விலையில் வீழ்த்துவார். சங்கிலி செய்தல், அட்டைப்பெட்டி செய்தல் போன்ற சிறு பட்டறைத் தொழில்களுக்கு ஊதியம் நிர்ணயிக்க இங்கிலாந்து 1909இல் வாரியங்கள் அமைத்ததற்கு, நல்ல முதலாளியைத் தீயவரின் போட்டியிலிருந்து காப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பும் அட்டவணை என்ற வரம்பையே நீக்கி எல்லா வேலைகளுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை விரித்துள்ளது, திசை சரியானதே.

செய்ய வேண்டியது கடமையை மேல்நோக்கி நீட்டுவது. ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்னும் கொள்கை 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம்பெற்றது. சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டுவட்டி கட்ட வேண்டும் என 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விலையை நிர்ணயிப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பது இந்தியச் சட்டத்துக்கு அந்நியமான கருத்தன்று. நூலும் துணியும் தம்முடையவையாக வைத்திருக்கும் வணிகருக்கும் அது பொருந்த வேண்டும். நெசவுக் கூலி ஒப்பந்தம் ஒவ்வொன்றும் குறைந்தபட்ச ஊதியச் செலவை முதலில் ஒதுக்கிவிட்டு, அதன் மேல்தான் பேரத்தைத் தொடங்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் நடக்கும் கூலிப் பேச்சுவார்த்தைகளில் பெரும்பாலும் வணிகர் தரப்பும் கூடத்து உரிமையாளர் தரப்புமே எதிரெதிரே அமர்கின்றன. அடுத்த பேச்சுவார்த்தையில் தறி ஓட்டுபவருக்கும் தார் சுற்றுபவருக்கும் அங்கே நாற்காலி போடப்பட வேண்டும்.