இலவசம் என்றால் போதுமா?



வைத்தியம் இலவசம் என்று பலகை மாட்டிவிட்டால் தர்மம் நிறைவேறிற்று என்று நாம் எண்ணுவதுண்டு. ஏழை வராதபோது, "அறியாமை" என்கிறோம். இது நியாயமான தீர்ப்புதானா?

கண்ணில் புரை விழுந்த கிராமத்துக் கிழவி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். பட்டணம் போக இரண்டு பஸ் மாறவேண்டும். கைப்பிடித்துக் கூட்டிப்போக மகன் வரவேண்டும். அவனுக்கு அன்றைய கூலி போயிற்று. தங்க இடம், சாப்பாடு வேறு. ஆக, இலவச வைத்தியத்துக்கு அந்த வீடு விலை கொடுக்கிறது. கஞ்சி குடிக்கிற வீட்டில் அது சிறு விலையல்ல.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இதைக் கண்டுகொண்டது. கிராமத்திலேயே முகாம் வைத்துச் சோதித்து, ஆபரேஷன் தேவைப்படுவோரைத் தானே அழைத்துப்போய், உணவும் இடமும் கொடுத்து, திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விடுகிறது. பணமா? வசதியுள்ள நோயாளிகள் செலுத்தும் கட்டணமே ஏழைகளின் செலவையும் சுமக்கிறது. 1992-ல் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளையும் தாங்களே செய்யத் தொடங்கி, விலையைக் குறைத்தார்கள்.

இவ்வளவும் செய்துகொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாவார்கள் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். கண் தெரியாதவளைப் பஸ் ஏற்றிவிடுவதில் என்ன சோம்பல் வளருமோ, எனக்கு விளங்கவில்லை.